உம்மா சாய்ந்த நாற்காலி

குற்றாலத்தில் நாங்கள் கட்டியிருக்கும் விடுதியின் நீச்சல் குளத்தோரம் போட, சாய்வு நாற்காலிகள் பார்க்கத் தென்காசிக் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் ஒன்றை விரித்தார். புதுக் கான்வாஸின் வாசனை மூக்கில் ஏறியதும் எங்கள் பழைய வீட்டு முற்றம் நினைவுக்கு வந்தது.

வாப்பா துபாயில் இருந்தார். அவர் லீவில் வரும்போது மட்டும் விரிக்கிற கான்வாஸ் நாற்காலி மற்ற நாளெல்லாம் பரணில் கிடக்கும். தம்பி பிறந்தபின் உம்மாவுக்குத் தீராத இடுப்புவலி. ஒருநாள் சாயங்காலம் சாரல் விட்டதும், உம்மா அதை இறக்கி முற்றத்தில் போட்டுச் சாய்ந்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து வாப்பாவின் அண்ணன், எங்கள் பெரியவாப்பா, வந்தார்.

"ஆம்பள சாயுத நாற்காலி அது. தெருவுல போறவன் என்ன நெனப்பான்? மடிச்சு வையி."

"இடுப்பு வலிக்கி மச்சான். வலி விட்டதும் எந்திச்சிக்கிடுதேன்."

உம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். எழுந்திருக்கவில்லை. நான்தான் பயந்து கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். மறுநாளும் சாய்ந்தாள், அதற்கு மறுநாளும்.

வாப்பா ஊருக்கு வந்ததும் பெரியவாப்பா அவரிடம் முறையிட்டார். வாப்பா முற்றத்துக்கு வந்து, "இப்பம் வலி எப்பிடி இருக்கு?" என்று உம்மாவிடம் கேட்டார். பிறகு உள்ளே போய்ப் பாயை எடுத்துவந்து அவள் பக்கத்தில் விரித்து உட்கார்ந்தார்.

கடைக்காரர் பேசிக்கொண்டிருந்தார். "சாயுதது ஆம்பளையாளுக்கு நாலு போதும்மா. பொம்பளையாளுக்கு சாதா பிளாஸ்டிக் சேர் போட்டுக்கிடலாம்."

நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டி, நன்றாகச் சாய்ந்தேன்.

"எல்லாமே சாயுததாப் போடுங்க அண்ணாச்சி."