பெட்டிக்கு மேல் வைத்த தோசை மா

அந்தச் சனிக்கிழமை காலமை குசினிக்குள் நின்றது நாலு பேர்.

ஷெஃப். ஷாஃப்ஹவுசன்காரர், இந்த நாட்டு ஆள். இரண்டு முழங்கையிலும் அடுப்புச் சூட்டு வடு.

மேல்மாடித் தாதி. வேலைக்குச் சேர்ந்து ஐந்து நாள்.

கணினி திருத்த வந்த பெண். கோயம்புத்தூர்க்காரி. என்னைக் கண்டதும் அண்ணா என்றா. நான் தங்கச்சி என்றேன்.

பிறகு நான். எனக்கு வேலை சாப்பிட்ட கோப்பை கழுவுறது.

2009இல் இந்த நாட்டுக்கு வந்தேன். இது அதுக்குப் பிறகு வந்த நாலாவது குளிர்காலம். வேலை செய்தது ஒரு முதியோர் இல்லத்தில். அங்கே ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் கணினி ஆளுக்கு ஒரு அட்டை அடிச்சுத் தரும். அட்டையில் அறை நம்பர் இருக்கும். இவருக்கு உப்பில்லை, இவருக்குச் சீனியில்லை, இவருக்கு எல்லாம் அரைச்சுத்தான் எண்டு இருக்கும். அட்டை தட்டத்தில் கோப்பையோடு மேலே போகும். சாப்பிட்டு முடிய கோப்பையோடு கீழே என்னட்டை வரும்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அந்தக் கணினி செத்துப் போச்சு. சனி காலமை தங்கச்சி புதுசு ஒன்றோடு வந்தா. பழைய விவரமெல்லாம் வேறொரு பெட்டிக்குள் பக்கப்பாய், பிரதியாய், இருக்குதாம். அதை எடுத்து இதுக்குள் ஊத்த வேணுமாம். நாற்பது நிமிசம் போதும் என்றா. எட்டு மணிக்குத் தொடங்கினா.

மத்தியானச் சாப்பாடு மேலே போறது பதினொன்றரைக்கு. அட்டை இல்லாமல் ஒரு கோப்பையும் இந்தக் குசினியை விட்டுப் போகாது எண்டு ஷெஃப் சொல்லிப்போட்டார். அது சும்மா கண்டிப்பு இல்லை. ஆறு பேருக்கு அரைச்ச சாப்பாடுதான் இறங்கும். கோப்பை மாறினால் விக்கும். விக்கினால் ஆள் போயிடும்.

முதல் பத்து நிமிசத்தில் பதினைந்து வீதம் போச்சு. தங்கச்சி எனக்குப் பெருவிரலைக் காட்டினா. ஒன்பது மணிக்குப் பதினெட்டு. பத்துக்கும் இருபது ஆகேல்லை.

அவ சும்மா இருக்கேல்லை. முதல் வயரை மாத்தினா. பிறகு வைரஸ் பிடிக்கிற வேலையை நிப்பாட்டிப் பார்த்தா. புதுக் கணினிக்குள் இடம் போதுமோ எண்டு பார்த்தா, போதும். பிழை எண்டு ஏதும் எழுதியிருக்குதோ எண்டு பார்த்தா, ஒன்றும் இல்லை. பிழை சொன்னால் லேசு, ஒன்றுமே சொல்லாமல் மெதுவாய்ப் போறதுதான் கரைச்சல் என்றா. மாட்டு வண்டியில ஏறின மாதிரி இருக்கு எண்டு தனக்குள் கதைச்சா.

ஷெஃப் பத்து நிமிசத்துக்கு ஒருக்கால் வந்து பார்த்தார். பார்த்துவிட்டுப் போனார்.

பிறகு அவ வேறொரு விதமாய்ப் பார்த்தா. அந்தப் பெட்டியில் இருந்து சின்னதாய் ஒன்றை எடுத்தா. உடனே வந்தது. பெரிசாய் ஒன்றை எடுத்தா. முதல் ஓடி வந்தது, போகப் போக நடந்தது, பிறகு தவழ்ந்தது. அப்ப புதுக் கணினியிலும் பிழை இல்லை, வயரிலும் இல்லை, பெட்டிதான் களைக்குது என்றா. பெட்டியின் சூடு எவ்வளவு எண்டு கணினியிலேயே கேட்டுப் பார்த்தா. அறுபத்தெட்டு.

சூடு எண்ட சொல்லுக் கேட்டதும் எனக்கு விளங்கிட்டுது. கையைத் துடைச்சேன்.

"அண்ணா, அந்தப் பெட்டி எங்க இருக்கு?"

"சாமான் அறையில. வாங்கோ, காட்டுறன்."

மா மூட்டைகளுக்குப் பின்னால், சுவரோடு கிடக்குது பெட்டி. அதுக்கு மேல் என்ரை பாத்திரம். பாத்திரத்தையும் பெட்டியையும் சேர்த்து மூடினபடி என்ரை மனிசியின் கம்பளிச் சால்வை. காத்து வர விட்ட ஓட்டைகள் எல்லாம் சால்வைக்குள்.

தங்கச்சி மூக்கை உறிஞ்சினா.

"என்ன வாசனை இது? மாவா?"

"ஓம். தோசை மா."

"யாரோடது?"

"என்ரை."

அவ மூடியைத் திறந்து பார்த்தா. மா நல்லாய்ப் பொங்கி மூடியில் முட்டியிருந்தது. மூடியைத் திரும்பப் போட்டா.

"எங்க ஊர்ல ஃப்ரிட்ஜ் மேல வைப்போம்ணா. நீங்க சர்வர் மேலயே வச்சுட்டீங்க."

"சுடும் எண்டு தெரியும் தங்கச்சி. சுடக் கூடாது எண்டு தெரியாது."

எங்கடை வீட்டில் மா பொங்காது. வாடகை வீடு, வீட்டுக்காரன் வெப்பத்தைக் குறைச்சு வைச்சிருக்கிறான். மனிசி கந்தோர்கள், ஒபிஸ்கள், கூட்டித் துடைக்கப் போறவ, ஆறு நாள். ஞாயிறு காலமை மட்டும்தான் இரண்டு பேரும் ஒன்றாய் வீட்டில். மா பொங்காமல் கல்லு மாதிரி வந்த தோசையை அவ ஒரு ஞாயிறு தின்று முடிச்சா. இனித் தோசை போட வேண்டாம் எண்டா. அதுக்குப் பிறகுதான் நான் வெள்ளி பின்னேரம் மாவைக் கொண்டுவந்து அங்கே வைக்கிறது, சனி வேலை முடியக் கொண்டு போறது. இது மூன்றாவது கிழமை. ஆரிட்டையும் கேட்கேல்லை.

பெட்டியை நிப்பாட்டட்டோ எண்டு கேட்டேன். நிப்பாட்டினால் முதலில் இருந்து தொடங்க வேணும், தொடாதீங்க என்றா. பாத்திரத்தையும் சால்வையையும் எடுத்தோம். யன்னலைத் திறந்தேன். வெளியில் பனி. சூப் ஆற வைக்கிற விசிறியைக் கொண்டுவந்து பெட்டிக்கு நேரே பிடிச்சேன்.

காத்தோட்டம் இல்லாமல் சூடாயிட்டுது எண்டு மட்டும் ஷெஃபிட்டைச் சொல்றன், மாவைப் பற்றிச் சொல்லமாட்டன், நீங்க பாத்திரத்தைக் கொண்டுபோய் ஒளிச்சு வையுங்க என்றா தங்கச்சி. நல்ல மனசு. நான் வேண்டாம் என்றேன்.

பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய் ஷெஃபுக்கு முன்னால் மேசையில் வைச்சேன். இது என்ரை, நான்தான் வைச்சனான், அதாலைதான் பிந்துது எண்டு எனக்குத் தெரிஞ்ச ஜெர்மனில் சொன்னேன். அவர் மூடியைத் திறந்தார். மணந்து பார்த்தார். எவ்வளவு நேரம் பொங்க விடுறது எண்டு கேட்டார். ஒரு இரவு என்றேன். மூடியை மூடினார். மணிக்கூட்டைப் பார்த்தார். பத்து ஐம்பது.

தங்கச்சி வந்து, இப்ப வேகமாய்ப் போகுது, ஆனால் இன்னும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும் என்றா.

பதினொன்றரைக்குச் சாப்பாடு.

ஷெஃப் தாதியைப் பார்த்தார். அவவுக்குத் தன்ரை மாடி மட்டும்தான் தெரியும், அதிலும் முழுக்கத் தெரியாது எண்டு சொன்னா. பாவம், முகம் சிவந்துட்டுது.

எனக்குத் தெரியும் என்றேன்.

"உனக்கு எப்படித் தெரியும்?" ஷெஃப் கேட்டார்.

"நான்தானே கழுவுறனான்."

அவர் ஒரு கடுதாசி எடுத்தார். நான் அறை நம்பர்படி சொல்லச் சொல்ல எழுதினார். எனக்கு ஜெர்மன் எழுத வராது. ஆனால் அட்டையில் நம்பர் இருக்கும், கோப்பையில் மிச்சம் இருக்கும். மூன்றுக்குச் சீனியில்லாத பச்சைக் கிண்ணம். எட்டு, பதினொன்று, இருபத்திரண்டு, இருபத்தாறு, முப்பத்தேழு, நாற்பது, இந்த ஆறும் விளிம்பு உயர்ந்த கோப்பை, அரைச்ச சாப்பாடு. பத்தொன்பதுக்குக் கொட்டை போட்ட கேக் ஒருநாளும் போனதில்லை. முப்பத்துமூன்று இறைச்சி தொடமாட்டார், அது அட்டையில் இல்லை, ஆனால் தொடமாட்டார்.

ஆறு நம்பரையும் தாதி தலைமைத் தாதிக்கு ரெலிபோன் அடிச்சுக் கேட்டா. லீவில் வீட்டில் நின்ற தலைமைத் தாதி ஒவ்வொன்றாய்ச் சொன்னா. ஆறும் சரி.

ஷெஃப் கடுதாசியை அடுப்புக்கு மேல் ஒட்டினார். பதினொன்றரைக்கு வண்டில்கள் மேலே போச்சுது.

வண்டில் போன பிறகு ஷெஃப் பாத்திரத்தைத் தூக்கினார். பாண் சுடுற மா பொங்க வைக்கிற அலுமாரியைத் திறந்து மேல் தட்டைக் காட்டினார். வெள்ளிக்கிழமையில் இங்கே வை என்றார். அவ்வளவுதான்.

பன்னிரண்டேகாலுக்குத் தங்கச்சி கூப்பிட்டா. நூறு வீதம். சரியாய் வந்ததோ எண்டு பார்க்க எல்லா அட்டையையும் அடிச்சுப் பார்ப்பம் எண்டா. ஷெஃப் தன்ரை கடுதாசியை எடுத்துவந்து ஒவ்வொரு அட்டையாய் வைச்சுச் சரி பார்த்தார். முப்பத்துமூன்றின் இறைச்சி தவிர எல்லாம் ஒத்து வந்தது. ஒரு அட்டை மிஞ்சிப் போச்சு. கணினி அடிச்சது நாற்பத்தேழு.

ஷெஃபின் முகம் மாறிட்டுது. ஒருத்தருக்குச் சாப்பாடு போகேல்லையோ எண்டு தாதி எழும்பினா. தங்கச்சி என்னைப் பார்த்தா.

மிஞ்சின அட்டையை வாங்கிப் பார்த்தேன். முப்பத்தொன்று.

அந்த அம்மாவை நான் ஒருநாளும் கண்டதில்லை. கோப்பைதான் தெரியும். எலும்பு, தோல் எல்லாத்தையும் ஒரு பக்கம் ஒதுக்கி, கரண்டியையும் கத்தியையும் சேர்த்து வைச்சு, துடைக்கிற துணியை நாலாய் மடிச்சு மேல் வைப்பா. எனக்குச் சுரண்ட வேலை இராது. கழுவுறவனை நினைக்கிற ஆள் எண்டு நான் அதை எப்பவும் கடைசியில் கழுவுவேன். வியாழன் மத்தியானம் அவவின் தட்டம் தொடாமல் வந்தது. துணி மடிச்சபடி, அவ மடிக்காத மடிப்பில். இரவுக்குத் தட்டம் வரேல்லை. நான் ஆரிட்டையும் கேட்கேல்லை.

"பக்கப் எப்ப எடுத்தது, தங்கச்சி?"

"புதன் ராத்திரிண்ணா."

"அப்ப சரி. இவ வியாழன் போயிட்டா."

தாதி மேலே கேட்டுவிட்டு வந்து, ஓம் எண்டு தலையாட்டினா. தங்கச்சி கணினியில் அந்த அறையை அழிச்சா. நான் அட்டையைச் சட்டைப் பைக்குள் வைச்சேன். ஒருத்தரும் திருப்பிக் கேட்கேல்லை.

போகேக்க தங்கச்சிக்கு ஒரு தயிர் வாளியில் மா ஊத்திக் குடுத்தேன். ரெண்டு கையாலும் பிடிச்சு வாங்கினா. ஊரை விட்டு வந்த பிறகு இப்படிப் பொங்கின மாவை இப்பத்தான் பார்க்கிறாவாம்.

ஒரு மணிக்கு வண்டில்கள் இறங்கி வந்தன. ஆறு உயர்ந்த விளிம்புக் கோப்பையும் வழிச்சுத் தின்றபடி. முப்பத்துமூன்றுக்கு இறைச்சி வைக்கேல்லை, கிழங்கு முடிஞ்சிருந்தது. ஷெஃப் வந்து பக்கத்தில் நின்றார். நான் கழுவிக் கழுவி அடுக்கினேன். அவர் எண்ணினார். நானும் எண்ணினேன்.

நாற்பத்தாறு.