மூன்று பழுப்புக் காகிதங்கள்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். பயமெல்லாம் இல்லை, உலையை வைத்துவிட்டு அதைக் கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை, அவ்வளவுதான். அப்படிப்பட்ட நானே இதை எழுதுகிறேன். நீங்கள் சிரித்தாலும் சரி, என் மகன் ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டான்.

முந்தின வருஷம் மார்கழியில் டில்லியில் ஒரு ஆஸ்பத்திரியில் எனக்குக் குடல் ஆபரேஷன் ஆனது. கண் விழித்தால் வயிற்றின் இடது பக்கம் குடலின் நுனியை வெளியே எடுத்துத் தைத்திருந்தார்கள். இனி மலம் அந்த வழியாகத்தான் வரும், அதன்மேல் ஒரு பை ஒட்டியிருக்கும் என்றார்கள். திரும்ப மூட முடியுமா என்று இவர் கேட்டதற்கு, நம்பிக்கை கொடுக்க முடியாது, பழகிக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர்.

பழக்கிவிட வந்தவர் சுனிதா சிஸ்டர். பையோடு ஒட்டுகிற தட்டு ஒன்று உண்டு, அதில் குடல்வாய்க்குச் சரியாக வட்டம் வெட்டி ஒட்ட வேண்டும். அம்மாஜி, தப்பில்லாமல் ஒரு தடவை நீங்களே மாற்றிக் காட்டினால்தான் வீட்டுக்கு, இல்லாவிட்டால் அங்கிளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று ஹிந்தியில் சொல்லிவிட்டார்.

அங்கிள் என்றால் என் வீட்டுக்காரர். கல்யாணமாகி ஐம்பது வருஷம் ஆகப்போகிறது, அவர் எதிரில் முந்தானை விலக நான் உட்கார்ந்ததில்லை. அவர் பாவம் தயாராகத்தான் இருந்தார். சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவர் ஆயிற்றே, புது நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் 'பை' என்று எழுதி அடிக்கோடு வேறு போட்டிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. பொங்கலுக்கு நாலு நாள்தான் இருந்தது, துவாரகாவில் எங்கள் வீட்டுக்குப் போயே ஆக வேண்டும், ஆனால் அவர் கையால் பை மாற்றிக்கொண்டு போவதில்லை என்று இருந்தேன்.

நான் நாற்பது வருஷம் அக்கம்பக்கத்துக்கு ரவிக்கை தைத்தவள். கழுத்து வெட்டும்போது கோட்டுக்கு உள்ளே தள்ளி, தையலுக்கு விட்டு வெட்டுவது கைப்பழக்கம். சிஸ்டர் வரைந்த வட்டத்தையும் அப்படியே வெட்டிவிட்டேன், குடல் நுழையவில்லை. மறுநாள் பயந்துபோய்ப் பெரிதாக வெட்டினேன், கசிந்து தோல் எரிந்தது. உண்மையைச் சொன்னால் இரண்டு தடவையும் நான் அதைப் பார்க்கவே இல்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் ஒட்டினேன். சிஸ்டர் கத்தரியை வாங்கிக்கொண்டுபோய் மேஜையில் வைத்துப் பூட்டிவிட்டார். நாளைக்குக் கடைசித் தடவை, அப்புறம் அங்கிள்தான் என்றார்.

அன்று மத்தியானம், நல்ல வெயில், இவர் அறை வாசலிலேயே ஸ்டூல் போட்டுப் பேப்பரில் குறுக்கெழுத்துக் கட்டம் நிரப்பிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டில் காலி. திரும்பிப் பார்த்தால் அதில் ஒரு அம்மா உட்கார்ந்திருக்கிறார், என் வயசுதான் இருக்கும், ஆஸ்பத்திரி அங்கி, மேலே அரக்குச் சால்வை. அசல் மதுரைப் பக்கத்துப் பேச்சு. டில்லியில் அதைக் கேட்டு எத்தனை நாளாயிற்று.

"கழுத்து வெட்டுற மாதிரி உள்ள தள்ளி வெட்டிப்புட்டீகளோ?" என்று கேட்டார்.

நான் யாரிடமும் அதைச் சொல்லவில்லை. வெட்கத்தோடு தலையை ஆட்டினேன்.

"இது ரவிக்கைக் கழுத்து இல்ல தாயி, காஜா. பொத்தானப் பாக்காம யாராச்சும் காஜா வெட்டுவாகளா? பாத்து, சுத்தி ஒரு நூல் எடம் விட்டா போதும்."

சொல்லிவிட்டுத் தன் அங்கியை விலக்கிக் காட்டினார். அவருக்கும் பை. அதற்கு மஞ்சள் பூப்போட்ட துணியில் உறை தைத்துப் போட்டிருந்தார். பையை எடுத்தார், குடல்வாய் சிவப்பாக, ஈரமாக இருந்தது. அந்த நேரம் பார்த்து அது புர்ரென்று சத்தம் போட்டது. இரண்டு பேரும் அப்படிச் சிரித்தோம், எனக்குத் தையல் வலித்தது. சிரித்த சூட்டிலேயே குனிந்து என்னுடையதையும் பார்த்துவிட்டேன். இத்தனூண்டு, இதற்கா இவ்வளவு பயம்.

அந்தம்மா இடுப்பிலிருந்து ஒரு சின்னக் கத்தரியும், தையற்கடையில் அளவு வெட்டுகிற பழுப்புக் காகிதமும் எடுத்தார். இரண்டு வட்டம் வெட்டினார், ஒன்று பெரிது, ஒன்று சிறிது. மூன்றாவது காகிதத்தில் பென்சிலால் என்னவோ வரைந்து மடித்து, "இது கடைசில" என்று என் கையில் வைத்தார். டீ வண்டிச் சத்தம் கேட்டு வாசலைப் பார்த்தேன், திரும்பினால் கட்டில் காலி.

மறுநாள் சிஸ்டர் பூட்டைத் திறந்து கத்தரியைக் கொடுத்ததும், பெரிய வட்டத்தைத் தட்டின்மேல் வைத்து வரைந்து வெட்டினேன், கண்ணால் பார்த்தே ஒட்டினேன். கச்சிதம். ஷாபாஷ் அம்மாஜி என்று சிஸ்டர் கை தட்டினார். அப்போ என் நோட்டு வேண்டாமா என்று இவர் முகம் சுருங்கிவிட்டது. அப்புறம்தான் சிஸ்டர் காகிதத்தைப் பார்த்தார். இதை எதால் வெட்டினீர்கள், கத்தரி இதுவரை என் பூட்டுக்குள்தானே இருந்தது என்றார். நான் சொன்னேன். அந்த வார்டில் தமிழ்க்காரர் என்று என்னைத் தவிர யாரும் இல்லையாம். இவரைக் கேட்டால், வாசலை யாரும் தாண்டவில்லை என்று சத்தியம் செய்கிறார். தூங்கியிருப்பார் என்கிறான் மகன், ஆனால் கட்டம் முழுக்க நிரம்பியிருந்தது.

"உன் சிரிப்புதான் கேட்டுச்சு. என்னடா தனியா சிரிக்கிறாளேன்னு நெனச்சேன்" என்றார் இவர்.

அந்தப் பொங்கலுக்கு நான் நாற்காலியில் உட்கார்ந்து அதிகாரம் செய்தேன், இவர்தான் பானையில் அரிசி போட்டார். பால் பொங்கும்போது என் பையும் கூடவே சத்தம் போட்டது. எல்லோருக்கும் முன்னால் நான்தான் சிரித்தேன்.

இரண்டு மாதம் கழித்துக் குடல்வாய் சுருங்கிவிட்டது, புது அளவு வேண்டும் என்றார் சிஸ்டர். சின்ன வட்டத்தை வைத்துப் பார்த்தோம், அதே அளவு. வீட்டுக்கு வந்து மூன்றாவதைப் பிரித்தேன். அதில் ஓட்டையே இல்லை. சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கோடு, குறுக்கே ஏழு சின்னக் கோடு. ஒன்றும் புரியாமல் தையல் மெஷின் டிராயரில் போட்டுவைத்தேன்.

போன ஐப்பசியில் டாக்டர், எல்லாம் நன்றாக ஆறியிருக்கிறது, மூடிவிடலாம் என்றார். மூடியும் விட்டார்கள். கட்டுப் பிரித்த அன்று குனிந்து எண்ணினேன், ஏழு தையல். வீட்டுக்கு வந்ததும் இவரிடம் காகிதத்தைக் கொடுத்து வயிற்றைக் காட்டினேன், ஆமாம், நானேதான் காட்டினேன். குமாஸ்தா இரண்டு தடவை எண்ணிவிட்டு, அந்த 'பை' நோட்டை எடுத்து ஏழு என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

இப்போது நன்றாக இருக்கிறேன், மறுபடி ரவிக்கை தைக்கிறேன். டிராயரைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் காகிதத்தை எடுத்துப் பார்ப்பேன். காகிதத்தில் அந்தக் கோடு ஒரு நுனியில் லேசாக மேலே வளைந்திருக்கிறது, என் தழும்பும் அப்படித்தான். தையல் தெரிந்தவள் அளவெடுக்காமல் எதையும் வரையமாட்டாள். அன்றைக்கு என் வயிற்றிலும் பைதான், அவர் வயிற்றிலும் பைதான், இந்தத் தழும்பே கிடையாது. அந்தம்மா எந்த வயிற்றில் அளவெடுத்தார்?