கோழியைத் தொடாத தடுப்பூசிக்காரன்

நான் புனேவுக்கு வந்தது 1998-இல். இரண்டாயிரம் பிறந்ததும் கணினிகளெல்லாம் தேதி குழம்பி நின்றுவிடும் என்று உலகம் நடுங்கிக்கொண்டிருந்த சமயம். அந்த உலகத்தைக் காப்பாற்ற ஒரு கம்பெனி சென்னையிலிருந்து கூட்டிவந்தவர்களில் சந்தானமாகிய நானும் ஒருவன். இரண்டாயிரம் பிறந்தது. எதுவும் நிற்கவில்லை; எங்கள் வேலைதான் நின்றது.

பிறகு புனேயின் ஓரத்து ஹிஞ்சேவாடியில் காப்பீட்டுக் கம்பெனி ஒன்றுக்கு நிரல் எழுதினேன். ஒருநாள் கம்பெனி வண்டி நெரிசலில் அசையாமல் நின்றபோது பத்திரிகையில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. பக்கத்து ஆகுர்டியில் கால்நடைத் தடுப்பூசி செய்யும் சிறு நிறுவனத்துக்கு, கணினியில் தடுப்பூசி வடிவமைக்க ஆள் வேண்டுமாம். உயிரியல் தெரிந்திருந்தால் நல்லது என்று போட்டிருந்தார்கள். தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்று நான் அதைப் படித்துக்கொண்டேன்.

"தடுப்பூசியா? உங்களுக்கு தெர்மாமீட்டரே பாக்கத் தெரியாதேன்னா!" என்றாள் என் மனைவி லலிதா.

"இது கம்ப்யூட்டர்ல பண்றது. வைரஸோட புரதத்தை எழுத்தெழுத்தா எழுதி வச்சிருப்பா. அதுல எந்தத் துண்டைக் காட்டினா உடம்பு முழிச்சிண்டு சண்டை போடும்னு நான் கண்டுபிடிக்கணும்."

"யார் உடம்பு?"

"கோழியோடது."

முட்டைகூட வாசல் தாண்டாத வீடு எங்களுடையது. அவள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். அதற்குள் காபி ஆறிவிட்டது.

2004-இல் சேர்ந்தேன். அங்கே கால்நடை மருத்துவர் ரீனா. தமிழரான அவருடைய அப்பா புனேயை அடுத்த தாபோடியில் ராணுவப் பட்டறைத் தொழிலாளி; ரீனா பிறந்து வளர்ந்ததெல்லாம் அங்கேதான். பாதித் தமிழ், பாதி இந்தியில் எனக்குப் பாடம் எடுத்தார். கோழிகளின் வெள்ளைக்கழிச்சல் நோய்க்கு நல்ல தடுப்பூசி ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் ஐஸிலேயே வைத்திருக்க வேண்டும். "காவ்ங்கள்ல, கிராமங்கள்ல, ஐஸ் எங்கே சார்? பஸ்ஸிலேயே உருகிடும்." வைரஸின் சில துண்டுகளை மட்டும் செயற்கையாகச் செய்து பொடியாக அனுப்பி, ஊசி போடும் இடத்தில் கரைத்துக்கொள்ள முடிந்தால் கிராமத்துக்காரர்கள் பிழைத்துக்கொள்வார்கள்.

என் நிரல் புரதத்தைச் சின்னச் சின்னதாக நறுக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் மதிப்பெண் போட்டது. ஒரு முக்கியமான விதி உண்டு: உடம்பின் சொந்தப் புரதத்தைப் போலிருக்கும் துண்டுகளைக் கழித்துவிட வேண்டும். தன்னுடையதோடு உடம்பு சண்டை போடாது. அதையும் அழகாகச் செய்து, முதல் ஐந்து துண்டுகளை வண்ண வண்ண வரைபடங்களோடு முதலாளி சுந்தரராமன் முன்னால் வைத்தேன். "பிரமாதம்" என்றார். விஞ்ஞானி என்று அச்சடித்த விசிட்டிங் கார்டு வந்தது. அதை நான் மளிகைக் கடைக்காரருக்குக்கூடக் கொடுத்தேன்.

குஞ்சுகளுக்கு ஊசி போட்டு, சில வாரம் கழித்து ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். எதிர்ப்புச் சக்தி உண்டாகியிருந்தால் சோதனைத் தட்டிலுள்ள சின்னக் குழிகள் மஞ்சளாகும். எல்லாக் குழியும் தண்ணீர் மாதிரி இருந்தது.

முதலில் குஞ்சுகளைக் குறை சொன்னேன். அப்புறம் துண்டுகளைச் செய்து கொடுத்தவர்களை. கடைசியில், ஊசி சரியாகத்தான் ஏறியதா என்று ரீனாவிடமே கேட்டுவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "சலோ சார், உங்க ப்ரோக்ராமை எனக்கு வரிவரியா படிச்சுக் காட்டுங்க" என்றார்.

படித்தேன். கழிக்கும் விதி வந்ததும் நிறுத்தினார். "உடம்போட சொந்தப் புரதம்னு எதை வச்சு ஒப்பிட்டீங்க?"

"இந்தத் தொகுப்பை வச்சு."

திரையருகே குனிந்து பார்த்தார். "அரே, இது மனுஷனோடது சார்."

கோழியின் மரபணுவை முழுதாகப் படித்து எல்லோருக்கும் கிடைக்கும்படி வெளியிட்டிருந்தார்கள். நான்தான் தேடவில்லை. இப்போது ஒப்பிட்டதில், என் ஐந்து துண்டுகளில் நான்கு கோழியின் புரதங்களை அச்சாக ஒத்திருந்தன. கோழிகள் அவற்றைச் சொந்தக்காரர்களாக நினைத்துச் சும்மா இருந்துவிட்டன. ஐந்தாவது ஏன் தோற்றது என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

முதலாளியிடம் போய்ச் சொன்னோம். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன்.

"வெள்ளைக்கழிச்சல்ல செத்த மனுஷன் எவனும் இல்லை சந்தானம். அந்த வகையில உங்க தடுப்பூசி நூத்துக்கு நூறு வெற்றி!"

கோழியின் தொகுப்போடு ஒப்பிட்டு இன்னொரு முறை முயலச் சொன்னார். ஒரு நிபந்தனை: இந்தத் தடவை ஊசி போடும்போது குஞ்சை நான்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பிடித்தேன். அதன் நெஞ்சு என் உள்ளங்கையில் படபடவென்று அடித்தது. உயிருள்ள ஒன்றுக்காகத்தான் நிரல் எழுதினேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அந்த உணர்ச்சியில் மூழ்கியிருந்தபோது அது என் சட்டையில் எச்சமிட்டது.

இந்தமுறை இரண்டு வரிசைக் குழிகள் நிறம் மாறின. வீட்டுக்குப் போன் போட்டுக் கத்தினேன்: "லலிதா, மஞ்சளாயிடுத்து!"

"ஐயையோ! காமாலையா?"

அடுத்து, நிஜ வைரஸைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஊசி போட்ட கோழிகளில் ஏறக்குறையப் பாதி பிழைத்தன. ஐஸில் வைக்கும் பழைய தடுப்பூசியோ அநேகமாக எல்லாவற்றையும் காப்பாற்றும். பாதியை மட்டும் காப்பாற்றும் ஊசியை எந்தப் பண்ணைக்காரரும் வாங்கமாட்டார் என்று முதலாளி திட்டத்தை மூடிவிட்டார். அவர் சொன்னது நியாயம்தான்.

கடைசியாக ஒருமுறை கொட்டகைக்குப் போனேன். பிழைத்தவை கொக்கரித்துக்கொண்டு தீனி கொத்தின. ஒன்று என் செருப்பையும் கொத்தியது.

அடுத்த மாதம் என்னை மாடுகளின் கோமாரி நோய்க்கு மாற்றினார்கள். முதல் நாளே மாட்டுக் கொட்டகைக்கு வரும்படி ரீனா சொன்னார்.

"மாடு உதைக்குமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"உதைக்கும் சார்" என்றார்.