நாலு தோள் கணக்கு

இர்பானிடம் எந்த இரும்புச் சாமானைக் காட்டினாலும், அதில் தேவையில்லாத சதை எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பான். தஞ்சாவூரில் நெல் அறுவடை மெஷினுக்கு உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் அவன் டிசைனர். பாகத்தைக் கம்ப்யூட்டரில் வரைவான், பாரத்தை ஏற்றுவான். பாரம் அழுத்துகிற இடம் திரையில் சிவக்கும். அழுத்தாத இடம் நீலமாகச் சும்மா கிடக்கும். சும்மா கிடப்பதைச் செதுக்கி எடுப்பதுதான் பிழைப்பு.

"வீட்டுல எதையும் இவர் கண்ணுல காட்டாதீங்க மாமி, அம்மியக்கூட இளைக்க வெச்சிடுவார்" என்று மனைவி ஷமீரா மாமியாரிடம் சொல்லிச் சிரிப்பாள்.

பட்டுக்கோட்டையைத் தாண்டி இருக்கிறது அவன் ஊர். இறந்தவர்களை அடக்கம் செய்ய மையவாடிக்குத் தூக்கிப் போகும் சந்தூக்குப் பெட்டி அங்கே தேக்கில் செய்தது. அப்பப்பா, என்ன கனம்! அவன் வாப்பா நெய்னா முகம்மது மவுத்தானபோது இர்பான் தோஹாவில் வேலையில் இருந்தான். டிக்கெட் கிடைத்து அவன் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. அன்றைக்கு அடைமழை, தூக்கினவர்கள் சேற்றில் வழுக்கித் தடுமாறினார்கள் என்று உம்மா மெஹராஜ் பேகம் சொன்னது அவன் நெஞ்சில் தைத்துவிட்டது. பெற்ற பிள்ளை தோள் கொடுக்கவில்லை, கொடுத்தவர்களும் பாடாய்ப் பட்டிருக்கிறார்களே என்று குமைந்துகொண்டே இருந்தான்.

அதனால்தான், வாலிபப் பையன்கள் எல்லாம் வெளிநாட்டில் இருக்கிறார்கள், தூக்க ஆளில்லை என்று பள்ளிவாசலை நிர்வகிக்கும் முத்தவல்லி ஒருநாள் புலம்பியதும், "புதுசா லேசா ஒண்ணு நான் செஞ்சு தர்றேன்" என்று முந்திக்கொண்டான். வாப்பாவுக்குச் செய்யத் தவறியதை இதிலாவது செய்துவிட வேண்டும் அவனுக்கு.

அலுமினியக் குழாயில் வரைந்தான். பாரம் ஓர் உடல், தாங்குவது நாலு தோள். பெட்டிக்கு முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டிருந்த தண்டுகள் பெட்டியோடு சேரும் இடத்தில் சிவந்தன. தண்டு நீள நீள வளையும். வளையாமலிருக்கக் குழாயைத் தடிப்பாக்க வேண்டும், எடை ஏறும். நாலு பேருக்கு இவ்வளவு நீளம் எதற்கு? ஒரு தோள் நுழையும் அளவுக்கு மட்டும் விட்டு மிச்சத்தை வெட்டினான். படத்தில் சிவப்பே இல்லாமல் போனது. பட்டுக்கோட்டைப் பட்டறையில் வீரையன் அதை வெல்டு வைத்துக் கொடுத்தபோது, பழையதில் பாதிகூட இல்லை கனம். இர்பானுக்குத் தலைகால் புரியவில்லை.

அதில் முதலில் போனது பக்கத்து வீட்டு ஷம்சாத் பெரியம்மா. வாப்பா கடையே கதியென்று கிடந்த காலத்தில் இர்பானுக்குச் சோறு ஊட்டிய கை அது. லீவில் வந்திருந்த அவர் மகன் ஜாஃபர் சாதிக் முன்னால் தோள் கொடுக்க, கலிமா சொல்லிக்கொண்டு ஊர்வலம் கிளம்பியது. எதிர்பார்த்ததற்கு மேலே கூட்டம்.

தெரு முனையில் வழக்கம்போல ஆள் மாற வந்தார்கள். நடந்துகொண்டே புதுத் தோள் தண்டின் அடியில் நுழையும், பழைய தோள் விலகும். இரண்டும் சேர்ந்து ரெண்டு எட்டு வைக்கும். அந்த ரெண்டு எட்டுக்குக் குட்டைத் தண்டில் இடமில்லை. பின்னால் ஒருவர் விலக, சந்தூக்கு சரிந்தது.

"புடி, புடி! யா அல்லாஹ்!"

நாலா பக்கமும் கைகள் பாய்ந்து தாங்கிக்கொண்டன. ஜாஃபர் சாதிக்கின் முகம் வெளுத்துவிட்டது.

"யாரும் மாத்த வராதீங்க. இந்த நாலு பேரே கொண்டு போவட்டும்" என்றார் முத்தவல்லி.

அவ்வளவுதான். ஊரே வெறுங்கையை வீசிக்கொண்டு பின்னால் நடந்தது. இர்பானும் நடந்தான். ஊட்டி வளர்த்தவளுக்கு ஒரு தோள் கொடுக்க முடியாமல், தானே செய்த சாமானைப் பார்த்துக்கொண்டே நடந்தான். அவமானம் பிடுங்கித் தின்றது. மையவாடி வாசலில் தூக்கி வந்தவர்களில் ஒருவர், "பஞ்சு மாதிரி இருக்குப்பா, நல்லா செஞ்சிருக்கே" என்று தட்டிக்கொடுத்தபோது அவனுக்கு அழுகை முட்டியது.

வீட்டுக்கு வந்து உம்மாவிடம் கொட்டினான். "வாப்பாவத் தூக்குனவங்க பட்ட கஷ்டம் இனி யாருக்கும் வேணாம்னுதானே உம்மா செஞ்சேன்?"

"கஷ்டப்பட்டாங்கன்னு நான் எப்ப சொன்னேன்? மழை, வழுக்குச்சுன்னேன். மாடியிலேர்ந்து பாத்துக்கிட்டே நின்னேன். நான் முந்தி நீ முந்தின்னு வந்து சந்தூக்கத் தோள்ல வாங்கிக்கிட்டாங்க. உங்க வாப்பா யார் யாருக்கு என்ன செஞ்சாங்களோ, எனக்கே தெரியாத ஆளெல்லாம் வந்து தோள் குடுத்துச்சு. நீ வந்திருந்தா உனக்கும் எடம் இருந்திருக்கும்டா."

இர்பான் முகத்தைத் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டரைத் திறந்து, முன்பக்கத் தண்டைப் பிடித்து வெளியே இழுத்தான். பெட்டியோடு சேரும் இடம் சிவந்தது. குழாயைத் தடிப்பாக்கினான். எடை ஏறியது.

ஏறட்டும் என்று பின்பக்கத்தையும் இழுத்தான்.