சூடு ஆறாத உரம்

ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவருக்கு ‘அவசரம்’ என்று பட்டப்பெயர் வைத்தது யாரோ, பொருத்தமாகத்தான் வைத்திருந்தார்கள். வண்டியை விட்டு இறங்கிய பிறகும் மனிதருக்குக் கால் தரையில் பாவாது.

மகனோடு போய் இருக்க முடிவுசெய்த அவருடைய அக்கா, மாடியில் நீல டிரம்மில் வளர்த்த எலுமிச்சையை அவரிடம்தான் ஒப்படைத்தாள். கணவர் இறந்த வருஷம் நட்ட மரம் அது.

“மண்ணு இறுகிப்போச்சுடா. பாதிய எடுத்துட்டு, நல்லா மக்கின எருவும் தேங்காய்நார்த் தூளும் கலந்து போடு. கைய விட்டா எருவுல சூடே இருக்கக் கூடாது. நாத்தமும் வரக் கூடாது.”

“சரிக்கா, நான் என்ன சின்னப் பிள்ளையா?”

நாற்றுக் கடைக்காரர் எரு மூட்டையைக் காட்டியபோதே சொன்னார்: “இது இன்னும் மக்கலண்ணே. கொஞ்ச நாள் நிழல்ல போட்டு வைங்க.”

“அதெல்லாம் தொட்டியிலயே மக்கிக்கும்.”

நார்த்தூள் அங்கே தீர்ந்துபோயிருந்தது. அதற்கென்று இன்னொரு நடை யார் நடப்பது? மேல்மண்ணைத் தோண்டி எறிந்து, மூட்டையை அப்படியே கவிழ்த்து, காலால் மிதித்து இறுக்கிவிட்டு டியூட்டிக்குப் போனார்.

இலை ஓரங்கள் கருகின. தாகம் என்று நினைத்து இன்னும் தண்ணீர் ஊற்றினார். அது இறங்காமல் மேலேயே தேங்கி நின்றது. இலைகள் கொட்டத் தொடங்கியதும்தான் உள்ளே கையை விட்டுப் பார்த்தார். காய்ச்சல்காரன் நெற்றியைப் போலக் கொதித்தது. வெறுங்கையாலேயே எல்லாவற்றையும் வாரி வெளியே போட்டார். வேர்கள் கறுத்துப்போய், இழுத்த இழுப்புக்குத் தோலுரிந்து வந்தன.

“மரம் எப்படிடா இருக்கு?” என்று அக்கா போனில் கேட்டபோது, “ஜம்முனு இருக்குக்கா” என்றார். போட்டோ கேட்டாள். நாற்றுக் கடையில் நின்ற ஓர் எலுமிச்சையைப் படம் பிடித்து அனுப்பினார்.

சிறிது நேரத்தில் அவளே கூப்பிட்டாள். “இது என் மரம் இல்லடா.”

அவர் போனை மறு காதுக்கு மாற்றினார்.

“பட்டுப்போச்சுன்னு சொல்லியிருந்தா ரெண்டு நாள் அழுதிருப்பேன். அவ்வளவுதானே.”

அதன் பிறகு அவர் சமையலறைக் கழிவையும் சருகையும் மக்கவைக்கப் பழகினார். கையில் அள்ளினால் சூடில்லாமல், மழை பெய்த மண்ணாக மணக்கும்வரை காத்திருந்தார். நார்த்தூளும் மணலும் சேர்த்துப் பொலபொலவென்று கலந்து, புதுக் கன்று ஒன்றை வைத்தார். அது துளிர்த்தும் விட்டது.

அக்கா இப்போதும் தவறாமல் பேசுகிறாள். முழங்கால் வலியை விசாரிப்பாள். பிள்ளைகளின் படிப்பைக் கேட்பாள். மரத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கிடையாது. துளிர்த்த கன்றைப் பற்றிச் சொல்ல அவர் தொண்டையைச் செருமிக்கொள்வதற்குள், “சரிடா, வெச்சிடறேன்” என்றுவிடுவாள்.