பெயிண்ட் பூசாத விமானம்

நான் ஒரு தாயை ஏமாற்றினேன். இறந்துபோன மகனின் நினைவாக அவர் நம்பிக் கொடுத்த மரத்தைத் திருடினேன். திருடியதை என் கடையின் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, வருகிறவர்கள் பாராட்டுவதைக் கேட்டு மகிழ்ந்தேன்.

சொல்லிவிட்டேன். இனி நீங்கள் என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். முழுவதையும் கேட்டுவிட்டு நினையுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்... கேட்டால் உங்கள் எண்ணம் இன்னும் மோசமாகத்தான் ஆகும்.

கோவிந்தாபுரத்தில், கொல்லங்கோடு போகிற சாலையில் எனக்கு ஒரு ஹார்டுவேர் கடை. ஆணியும் தாழ்ப்பாளும் விற்கிற ராவுத்தர் வீட்டுப் பிள்ளைக்கு விமானப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. விமானப்படைக்காரர்கள் அந்தக் காலத்தில் பறக்கக் கற்றுக்கொண்ட பயிற்சி விமானங்களை மரத்தில் சின்னதாகச் செய்வேன். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் உட்காரும் ஒற்றைக் காற்றாடி விமானங்கள். இறக்கையின் வளைவிலிருந்து இருக்கையின் வார் வரை அளவு பிசகாது. கோயம்புத்தூர்ப் பக்கம் குடியிருக்கும் ஓய்வுபெற்ற விமானிகள் தேடி வந்து வாங்குவார்கள்.

எனக்கென்று ஒரு வழக்கம் உண்டு. வீட்டு மரம் கொண்டுவந்தால் அதிலேயே செய்து கொடுப்பேன். இழைத்த சீவலையும் துணிப்பையில் கட்டித் திருப்பிக் கொடுப்பேன். உங்கள் மரத்தில் ஒரு துண்டுகூட என்னிடம் தங்கவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. அந்த நாணயத்தால்தான் எனக்குப் பெயர் வந்தது. நாணயம்! அந்தச் சொல்லை எழுதக் கை கூசுகிறது.

ராமாத்தாள் பெரியம்மா எங்கள் ஊருக்குப் பக்கத்து மாந்தோப்புக்காரர். அவருடைய ஒரே மகன் செல்வராசு விமானியாகப் போனவன். பயிற்சியின்போதே விமானம் விழுந்து இறந்துவிட்டான். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ வருடம் கழித்து ஒரு காலையில் பெரியம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். பழைய சேலையில் சுற்றிய ஒரு பலகையை என் மேசைமேல் வைத்தார்.

"ஏனுங்க ராவுத்தரே, இது எங்க கெணத்து மேட்டுப் பலாவுங்க. செல்வராசு சின்னதுல இதும்மேல ஏறி உக்காந்துதான் ஏரோப்ளேன் ஓட்டுவான். காத்துல உழுந்துபோச்சு. மத்ததெல்லாம் கதவு, நெலை ஆயிருச்சுங்க. இது ஒண்ண மட்டும் கட்டலுக்கு அடியில வெச்சிருந்தேன். இதுல அவன் ஓட்டுன பிளேனைச் செஞ்சு குடுங்க."

"என்ன நிறமுங்க பெரியம்மா?"

"மஞ்சளுங்க. லீவுக்கு வந்தப்பச் சொன்னான், நம்ம பலாச்சொளை நெறமுன்னு. நல்லா மஞ்சப் பெயிண்ட் அடிச்சுப் போடுங்க."

அவர் போனதும் பலகையின் ஓரத்தை இழைத்துப் பார்த்தேன். வைரம் பாய்ந்த பலா. வருடக்கணக்கில் உலர்ந்து கிடந்தது. உளிக்கு அடியில் பொன் மஞ்சள் தெரிந்தது. பயிற்சி விமானத்தின் அதே மஞ்சள்! பெயிண்டே இல்லாமல் விமானத்தின் நிறத்தில் இருந்த மரம் அதுவரை என் கைக்கு வந்ததில்லை.

இதன்மேல் பெயிண்ட் அடிப்பதா, பாவமல்லவா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். எவ்வளவு யோக்கியமான கேள்வி பாருங்கள்... திருடனுக்கும் ஆரம்பத்தில் ஒரு நியாயம் வேண்டியிருக்கிறது. பெரியம்மாவிடம் போய், மரமே மஞ்சளாக இருக்கிறது, பெயிண்ட் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் சொன்னால் அந்த விமானம் அவர் வீட்டுக்குப் போய்விடும். எனக்கு அது வேண்டும். அவ்வளவுதான் விஷயம், மற்றதெல்லாம் சால்ஜாப்பு.

பலகை ஒரே ஒரு விமானத்துக்குத்தான் காணும். அதில் எனக்குச் செய்துகொண்டேன். பெரியம்மாவுக்கு வேறு கட்டையை எடுத்தேன். இடுக்கி மலையில், சக்குபள்ளத்து ஏலத் தோட்டத்தில் நிழலுக்காக வைத்த சில்வர் ஓக் மரம் அது. கடைக்குப் பின்னால் சும்மா கிடந்தது. அதைச் செதுக்கி, பட்டி பார்த்து, மஞ்சள் பெயிண்ட் அடித்தேன். பெயிண்டுக்கு அடியில் இருப்பது என்ன மரம் என்று யார் கண்டார்கள்?

நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"லேசா இருக்குதுங்களே," என்றார்.

"உள்ள கொடஞ்சிருக்கேனுங்க பெரியம்மா. எடை இருந்தா எறக்கை தாங்காதுங்க."

யோசிக்காமலே வந்தது பொய். அவர் அந்த விமானத்தைக் கன்னத்தோடு வைத்துக்கொண்டார். அழுவார் என்று பயந்தேன். சிரித்தார்.

பிறகு என் கையிலிருந்த சீவல் பையைக் கேட்டார். நான் கொண்டுபோனதில் அது மட்டும்தான் உண்மை. வழக்கம் தவறினால் சந்தேகம் வருமே என்று பலாச் சீவலையே கட்டி எடுத்துப் போயிருந்தேன். அவர் பையை வாங்கி, புறக்கடையில் எரிந்துகொண்டிருந்த வெந்நீர் அடுப்பில் கொட்டினார்.

"முழுப் பிளேனே கையில இருக்குது. சீவல் எதுக்குங்க?"

சீவல் சட்டென்று பற்றிக்கொண்டது. அந்த அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போதே அவர் கொடுத்த காபியையும் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

என் விமானம் கோயம்புத்தூரில் ஒரு கண்காட்சிக்குப் போய்ப் பாராட்டு வாங்கி வந்தது. பெயிண்ட் பூசாத விமானம் என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. வீட்டுக்குள் ஒளித்து வைத்திருக்கலாம். வீண் பெருமை விடுமா? கடையில், வாசலுக்கு நேராக வைத்தேன். தோட்டத்தை விட்டு அதிகம் வெளியே வராத பெரியம்மா கடைத்தெருவுக்கு எங்கே வரப்போகிறார் என்ற தைரியம்.

வந்தார். ஒரு தாழ்ப்பாள் வாங்க வந்தவர், கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"இது ஆரோட மரமுங்க?"

"வேற ஒருத்தங்களோடதுங்க."

"எந்தூருங்க அவங்க?"

அவருக்குக் கொடுத்த பொய் மரம் வந்த ஊர்தான் நாக்கில் வந்து நின்றது. "சக்குபள்ளமுங்க. இடுக்கியில."

பெட்டியைத் திறக்கச் சொன்னார். இறக்கையின்மேல் விரலை வைத்தார். மகன் ஏறி விளையாடிய மரத்தின்மேல் அவனைப் பெற்றவளின் விரல்! அந்த விரலுக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தேன். தெரிந்துவிட வேண்டும் என்றும் ஒரு நொடி ஆசைப்பட்டேன்... தெரியவில்லை.

"அவங்க பையனும் போயிட்டானுங்களா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். ஏன் ஆட்டினேன்? இல்லையென்றால் அடுத்த கேள்வி வருமே என்ற பயம். பயத்தில் இன்னொரு தாயையும் ஒரு சாவையும் உண்டாக்கிவிட்டேன்.

"பாவமுங்க. அதுதான் பெயிண்ட் அடிக்க மனசு வரலையாட்ட இருக்குது, அந்தம்மாவுக்கு."

அன்று முதல் இந்த உலகத்தில் இல்லாத ஒருத்திக்கு ராமாத்தாள் பெரியம்மா சிநேகிதியானார். கடைப்பக்கம் வந்தால், "சக்குபள்ளத்தம்மா நல்லாருக்காங்களா?" என்று கேட்காமல் போகமாட்டார். மாம்பழக் காலத்தில் இரண்டு பெட்டி அனுப்புவார். ஒன்று எனக்கு, ஒன்று அந்தம்மாவுக்கு. இரண்டையும் நாங்கள்தான் தின்றோம்.

"நமக்கு எதுக்கு ரெண்டு பெட்டி அனுப்புறாங்க?" என்று என் மனைவி கேட்டாள்.

"அவங்களுக்குப் பெரிய மனசு," என்றேன். அது ஒன்றுதான் நான் சொன்னதில் பொய்யில்லை.

இந்த வருடம் பழம் அனுப்பவில்லை. அவரே வந்தார்.

"எங்க அக்கா மகன் காரு வாங்கியிருக்கானுங்க. ஒருக்கா சக்குபள்ளம் போயிட்டு வந்தரலாமுங்க ராவுத்தரே. பையனைப் பறிகுடுத்தவங்க நாலு வார்த்தை பேசிக்கிட்டா மனசு ஆறுமுங்க. நீங்க வழி காட்டுனாப் போதும்."

உண்மையைச் சொல்லிவிடக் கதவு அகலத் திறந்து நின்றது. காலில் விழுந்து சொல்லியிருக்கலாம். கடையில் வேறு யாரும் இல்லை. வாயைத் திறந்தேன்... வந்தது இதுதான்:

"அவங்க தவறிட்டாங்க பெரியம்மா."

அவர் பெயிண்ட் டப்பா அடுக்கியிருந்த பலகையின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மகனின் விமானத்தைக் கையில் வாங்கியபோது சிரித்தவர், நான் கட்டிய பொய்க்காக அழுதார். என்னைப் போல ஓர் ஈனப்பிறவியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

கண்ணைத் துடைத்துக்கொண்டு கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார்.

"ஊட்டுல இருக்கற பிளேனுக்கு நானிருக்கேன். இதுக்கு இனி ஆருங்க இருக்கறாங்க?"

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் வருகிறார். கொஞ்சம் மல்லிகைப்பூவை அந்த விமானத்தின்மேல் வைத்துவிட்டு, யாரோ பெற்ற பிள்ளைக்காகக் கும்பிடுகிறார். அவர் போனதும் பூவை எடுத்துவிட்டு நான் ஜும்ஆத் தொழுகைக்குப் போகிறேன். மனிதனுக்குச் செய்த அநீதியை அந்த மனிதன் மன்னிக்காமல் அல்லாஹ் மன்னிப்பதில்லை என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் ஒருமுறை தம் பயான் உரையில் சொன்னார். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தேன். என் கையில் மல்லிகை வாசனை அடித்தது.

இப்போது சொல்லலாமே என்பீர்கள். சொன்னால் அவர் இத்தனை வருடம் கன்னத்தில் வைத்துக் கொஞ்சியது வெறும் தோட்டத்துக் கட்டையாகிவிடும். அடுப்பில் கொட்டியது என்ன என்பதும் தெரிந்துவிடும். அந்த வயதில் அவர் அதைத் தாங்குவாரா? இது அவர்மேல் இரக்கம் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்... முன்பு, பெயிண்ட் அடிப்பது பாவம் என்று சொல்லிக்கொண்டேனே, அதே குரலில்.

இன்றும் வெள்ளிக்கிழமை. வாசலில் ஆட்டோ வந்து நிற்கிறது. நான் பெட்டியைத் திறந்து வைக்கச் சாவியை எடுக்கிறேன்.