ஆமென் சொன்னதும் நிற்கும் கார்

எங்கள் கார் தேவபக்தியுள்ள கார் என்று நைனா, அதாவது என் அப்பா, சொல்வார். ஜெபம் முடியும்வரை ஓடிக்கொண்டிருக்கும். அம்மா ஆமென் சொல்கிற நேரத்துக்குத் தானும் அடங்கிவிடும். முதலில் இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். போகப்போகச் சிரிப்பு நின்றுபோய், சொல்வது மட்டும் மிச்சமிருந்தது.

எனக்கு அப்போது எட்டு வயது. சித்தூரில் எங்கள் சர்ச்சுக்குப் பின்தெருவில் குடியிருந்தோம். நைனாவுக்கு ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் புதிதாக வேலை கிடைத்திருந்தது. வாரம் முழுக்க அங்கேயே தங்கிவிட்டு வெள்ளிக்கிழமை இரவு வீட்டுக்கு வருவார். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குத் திருப்பதியிலிருந்து கம்பெனி பஸ் புறப்படும். அதைப் பிடிக்க ஐந்து மணிக்கே காரில் கிளம்புவோம். திருப்பதிவரை நைனா ஓட்டுவார். அவரை இறக்கிவிட்டு, அம்மா காரைத் திருப்பி ஓட்டிக்கொண்டு வருவாள். அம்மா லைசென்ஸ் வாங்கி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. என்னைத் தனியாக வீட்டில் விட முடியாதென்பதால் நானும் போவேன். திருப்பதி போய்வந்துவிட்டு ஒன்பதரைக்கு வகுப்பில் உட்கார்ந்திருப்பதில் எனக்கு அலாதிப் பெருமை.

நைனாவின் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. கார் செய்த கூத்தில் இரண்டு திங்கட்கிழமை பஸ் தவறிவிட்டது. மூன்றாவது முறையும் தவறினால் வரவே வேண்டாம் என்று அதிகாரி சொல்லிவிட்டார். வீட்டில் அந்த ‘மூன்றாவது முறை’யை யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை, ஆனால் காரைப் பார்க்கும்போதெல்லாம் பெரியவர்கள் இருவர் முகத்திலும் அது தெரியும்.

கார் எனக்கு மூத்தது. பழையதாக இருந்தாலும் கார்புரேட்டர் வண்டியில்லை, இன்ஜெக்‌ஷன் வண்டி என்று நைனா வருவோர் போவோரிடம் சொல்வார். பழைய இஞ்சின் கொஞ்சம் சூடானால்தான் நல்லது என்பது அவர் கட்சி. அதனால் முதலில் சாவியைத் திருப்பி இஞ்சினை ஓடவிடுவார். பிறகு மூவரும் கண்ணை மூடுவோம். அம்மா ஜெபிப்பாள்.

அம்மாவின் ஜெபத்தைச் சிறியது என்று சொன்னால் அது பொய். எங்கள் சர்ச் போதகர் ஐயருடைய முழங்கால் வலியில் தொடங்கி, வேலூரில் படுத்திருக்கும் பெரியம்மா, பரீட்சை எழுதும் சபைப் பிள்ளைகள், நைனாவின் வேலை, என் கணக்குப் பாடம் என்று ஒவ்வொன்றாக வரும். கடைசியில் ஓரிடத்தில் அம்மா பேச்சை நிறுத்திவிடுவாள். உதடுகூட அசையாது. நான் அரைக்கண்ணால் பார்த்தபடி விரல்விட்டு எண்ணுவேன். இரண்டு கையும் முடிந்து மறுபடி முதல் விரலுக்கு வருவேன். அதற்குள் இஞ்சின் குளிர்காய்ச்சல் வந்ததுபோல் உதறத் தொடங்கும். அம்மா ஆமென் என்பாள். கார் நின்றுவிடும்.

அப்புறம் நைனா சாவியைத் திருப்புவார், அது இருமும், மறுபடி திருப்புவார். ஓடத் தொடங்கிவிட்டால் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்காமல் திருப்பதிவரை விரட்டிக்கொண்டு போவார்.

திரும்பும்போதுதான் எனக்குக் கொண்டாட்டம். முன்சீட் எனக்கு. திருப்பதி ஊருக்குள் ஏதாவது ஒரு சிக்னலில் கார் கட்டாயம் நின்றுபோகும். உடனே அம்மா, “பாடுடி. சத்தமாப் பாடு” என்பாள். ஞாயிறு பள்ளியில் கற்ற பாட்டைக் கைதட்டி, தொண்டை கிழியப் பாடுவேன். இரண்டாவது சரணம் வருவதற்குள் கார் கிளம்பிவிடும். என் குரல் அம்மாவுக்கு அவ்வளவு பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

காரை மெக்கானிக் பாய் ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எடுத்த உடனே நின்றுவிடுகிறது என்று நைனா சொல்லியிருந்தார். பாய் அந்த ‘உடனே’யை நம்பி, குளிர்ந்த இஞ்சினில்தான் கோளாறு என்று பிளக்கை மாற்றினார், பெட்ரோல் பில்டரை மாற்றினார், சூட்டைப் பார்க்கிற சென்சாரையும் மாற்றினார். கம்ப்யூட்டர் பெட்டியை மாட்டிப் பார்த்தார். அது ஒரு குறையும் சொல்லவில்லை. அவர் கடையில் சாவியைத் திருப்பினால் கார் சமர்த்தாக ஓடும். நாலு தடவை உறுமவிட்டு, நன்றாகத்தானே இருக்கிறது என்று அணைத்துவிடுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா காரைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தாள். மறுநாள் காலை மூவரும் போனோம். பாய் குளிர்ந்த இஞ்சினை எங்கள் கண்முன்னே ஓடவிட்டார். அது நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. பாய்க்குப் பொறுமை போய்விட்டது.

“எடுத்த உடனே, எடுத்த உடனேன்னு சொல்லிக்கினே கீறீங்க. எத்தினி செகண்டு சார்?”

“உடனேதான் பாய். கிளம்பலாம்னு கியர் போடறதுக்குள்ள” என்றார் நைனா.

“இல்ல அங்கிள்,” என்றேன் நான். “அம்மா ஆமென் சொன்னப்புறம்தான்.”

பாய் என்னைப் பார்த்தார். பிறகு நைனாவைப் பார்த்தார்.

“ஆமென் வர்றதுக்கு எத்தினி நேரம் ஆவும் சார்?”

நைனாவும் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜெபிக்கிற நேரத்தை எங்கள் வீட்டில் யாரும் நேரமாகக் கணக்கில் எடுத்ததில்லை.

“ஒரு பத்துப் பன்னிரண்டு நிமிஷம் இருக்கும்” என்றார் நைனா, தொண்டையைச் செருமிக்கொண்டு.

“அத்த மொதல்லயே சொல்ல வேணாமா?” பாய் தலையில் அடித்துக்கொண்டார். “சரி, அக்கா, இங்கயே ஜெபம் பண்ணுங்க. வீட்டுல எப்பிடியோ அப்பிடியே.”

அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. நைனா, பரவாயில்லை பண்ணு என்று கண்ணால் சொன்னார். பாய் ரேடியோவை அணைத்து, ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு மரியாதையாகக் கைகட்டி நின்றார். அம்மா ஜெபித்தாள். ஐயர், பெரியம்மா, பிள்ளைகள், நைனாவின் வேலை, என் கணக்கு எல்லாம் வந்தன. பாயின் கடைக்கும் குடும்பத்துக்கும் சேர்த்துக் கேட்டாள். ஆமென் என்றாள். கார் நிற்கவில்லை.

எனக்குக் காரணம் தெரிந்திருந்தது. தெரிந்ததைச் சொல்லாமல் இருக்கும் வழக்கம் எனக்கு அப்போது இல்லை.

“அம்மா, நீ ஒண்ணு விட்டுட்ட. நடுவுல சும்மா இருப்பியே, அந்த இடம்.”

“சும்மாவா?” என்று நைனா கேட்டார். கண்ணை மூடிக்கொண்டிருப்பவருக்கு அம்மாவின் உதடுகூட அசையாதது எப்படித் தெரியும்?

அம்மா மறுபடி கண்ணை மூடினாள். நான் விரல்விட ஆரம்பித்தேன். இந்த முறை மூன்று சுற்று ஆனது. திடீரென்று ரேடியேட்டர் ஃபேன் கர்ரென்று சுற்றத் தொடங்கியது. இஞ்சின் உதறியது, ஒருமுறை தூக்கிப்போட்டது, நின்றது.

“தொரிகிந்தி!” என்று தெலுங்கில் கத்தினார் பாய். “கிடைச்சிருச்சு சார்! ஃபேன் சுத்தினா கரண்டு இழுக்கும், இஞ்சினுக்கு பாரம். அந்த நேரத்துல காத்து கொஞ்சம் ஜாஸ்தி விடறதுக்கு ஒரு வால்வு கீது. அது கரி புடிச்சு ஒட்டிக்கினு கீது. ரோட்டுல போறப்ப எதிர்காத்து அடிக்கும், ஃபேனுக்கு வேலையில்ல. நின்னா போச்சு. சிக்னல்ல நின்னாலும் இப்பிடித்தான் ஆவும்.”

அந்த வால்வைக் கழற்றிக் காட்டினார். என் கட்டைவிரல் பருமன்தான் இருந்தது. உள்ளே அடுப்புக்கரிபோல் அப்பியிருந்தது. ஸ்பிரே அடித்துத் துடைத்து மாட்டினார். மறுபடி ஃபேன் சுற்றியது. இஞ்சின் ஒரு கணம் தாழ்ந்து, தானே நிமிர்ந்துகொண்டது. பாய் என் தலையைத் தடவி, பெரிய மெக்கானிக் ஆவாய் என்றார். அன்று நான் தரையில் நடக்கவில்லை.

திங்கட்கிழமை பஸ் வருவதற்கு முன்பே திருப்பதியில் நின்றோம். நைனாவின் வேலை பிறகு நிரந்தரமும் ஆனது. ஆனால் அன்று திரும்பும்போது சிக்னலில் அம்மா என்னைப் பாடச் சொல்லவில்லை. அடுத்த வாரமும் சொல்லவில்லை. நானாக ஆரம்பித்ததற்கு, மெதுவாப் பாடு என்றாள். என் குரல் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, ஞாயிறு பள்ளிப் பாட்டுக் குழுவிலிருந்து விலகிக்கொண்டேன்.

சென்ற வருடம் அம்மாவை உட்காரவைத்துத் திருப்பதிக்கு நான் ஓட்டிக்கொண்டு போனபோது, அதே சிக்னலில் இந்தப் பழைய மனக்குறையைச் சொன்னேன். அம்மா சிரித்துவிட்டாள்.

“உன் குரலுக்காகவா? வண்டி நின்னுட்டா பின்னாடி லாரிக்காரன் ஹார்ன் அடிச்சிக்கினே இருப்பான். என் கை ஸ்டியரிங்ல வெடவெடன்னு நடுங்கும். நீ பாடினா அதையும் கேக்க மாட்ட, இதையும் பாக்க மாட்ட.”

“நைனா கிட்ட சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா அவரு வேலையே வேணாம்னு உக்காந்துடுவாரு. அவர் காதுல விழற மாதிரி எப்பிடிக் கேக்கறது? அதான் ஜெபத்துல வாயத் தெறக்காம கேட்டுக்கினு இருந்தேன், திரும்பி வர்றப்ப நின்னுடக் கூடாது, பிள்ளை கூட இருக்குதுன்னு.”

பச்சை விளக்கு விழுந்தது. பின்னால் ஒருவன் ஹார்ன் அடித்தான். ஊருக்கெல்லாம் வாய்விட்டுக் கேட்ட அம்மா, தனக்கென்று கேட்ட இடம் அது ஒன்றுதான். அதைத்தான் நான் விரல்விட்டு எண்ணி, நாலு பேர் முன்னால், சும்மா இருக்கிற இடம் என்று சொல்லியிருக்கிறேன்.